டெல்பின் தூங்கிப்போன படம்

கடைசி வரிசையில் சுவரை ஒட்டினாற்போல இரண்டு இருக்கை கிடைத்தால்தான் படம். கிடைக்காவிட்டால் வேறு தியேட்டர், வேறு காட்சி. சுவர்ப் பக்கம் வால்டர், அவருக்கு இந்தப் பக்கம் அவர் மனைவி டெல்பின். அவளுக்கு அடுத்த இருக்கையில் எந்தப் பாவி வந்து உட்காருகிறானோ, அது அவன் தலையெழுத்து. இரண்டரை மணி நேரமும் டெல்பினின் குசுகுசுப்பு அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

வால்டருக்குக் கண் போய் எட்டு வருஷம் ஆகிறது. கண்ணில் அழுத்தம் கூடிக்கொண்டே போனதைக் கவனிக்காமல் விட்டு, கடைசியில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிய மிச்சமிருந்தது. ரயில்வே ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மந்தைவெளி வீட்டில் வந்து உட்கார்ந்தவர், நாலு மாதம் யாரோடும் பேசவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது, “டெல்பின், ஒரு படத்துக்குப் போலாமா? நீ பார்த்துச் சொல்லு” என்றார். மனுஷன் வாயைத் திறந்தாரே என்ற சந்தோஷத்தில் அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு விட்ட வார்த்தைதான், இன்றைக்கு வரைக்கும் விடுதலை இல்லை.

படத்தைச் சொல்வது என்னவோ லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வசனம் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே கிடைக்கிற இடுக்கில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். “மாடியிலேர்ந்து இறங்கறா. பச்சைப் புடவை. கையில லெட்டர். அவன் பார்க்கல.” சண்டைப் படம் என்றால் பரவாயில்லை, அடித்தான், விழுந்தான், இன்னொருத்தன், அவனும் விழுந்தான் என்று ஒப்பித்துவிடலாம். பேய்ப்படத்தில் அவள் முதலில் பயந்து முடித்துவிட்டு அப்புறம்தான் அவருக்குச் சொல்ல முடியும். சிரிப்புப் படம்தான் மகா கஷ்டம். வழுக்கி விழுந்தவனை அவள் வார்த்தையாக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அரங்கமே சிரித்து ஓய்ந்திருக்கும், பிறகு வால்டர் மட்டும் தனியாகச் சிரிப்பார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கொலைப் படத்திலோ எதைச் சொல்வது, எதை விடுவது என்றே தெரியாது. ஒருமுறை ஒருத்தன் இடது கையால் காபி குடித்ததை அவள் சொல்லாமல் விட்டுவிட்டாள். கொலைகாரன் அவன்தான் என்று எல்லாரும் வாயைப் பிளந்தபோது வால்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாள் அவளோடு சண்டை.

படம் முடிந்து ஆட்டோவில் ஏறியதும் அடுத்த கட்டம். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு வால்டர் தன் அபிப்பிராயத்தைப் பதிவு செய்து அன்பியத்து வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்புவார். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துத் தெருக்களில் இருக்கிற, ஒரே சர்ச்சைச் சேர்ந்த பங்குக் குடும்பங்கள் இருபது முப்பது சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்கிற குழு. செபத்துக்குப் பத்துப் பேர் வருவதே பெரிய விஷயம், ஆனால் ஞாயிறு சாயங்காலம் வால்டரின் குரலுக்கு முப்பது வீடும் காத்திருக்கும். மனுஷன் பேச்சும் அப்படி.

“ஒத்தை ஆளு முப்பது பேரை அடிக்கிறாரு. அந்த முப்பது பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரிசையில வந்து வாங்கிக்கிறாங்க. நம்ம ரேஷன் கடையில இந்த ஒழுங்கு இருக்கா சொல்லுங்க! பத்துக்கு நாலு.”

“காதல் படம். அவன் ஒரு போன் பண்ணியிருந்தா அரை மணியில முடிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் போன் இருக்கு, மழையில நின்னு பாடத் தெரியுது, போன் பண்ணத் தெரியல. மூணு மார்க்.”

“பேயி பாவம். அது வர்றதுக்கு முன்னாடியே மியூசிக்காரங்க வந்து கத்திட்டுப் போயிடறாங்க. அதுக்கப்புறம் பேய் வந்தா யாரு பயப்படுவா?”

“காலத்துல பின்னாடி போற மெஷின் கண்டுபிடிச்சிருக்கான். போய் என்ன பண்றான்? காலேஜ்ல விட்டுப்போன பொண்ணையே திரும்ப லவ் பண்றான். அதுக்கு அட்ரஸ் விசாரிச்சா போதாதா?”

கதையை மட்டும் சொல்லமாட்டார், அது அவருடைய கொள்கை. மார்க்கு வந்ததும் சிரிப்பு முகங்களாக வந்து குவியும். ‘சார், நீங்க சொல்லாம நாங்க எந்தப் படத்துக்கும் போறதில்ல’ என்று யாராவது போடுவார்கள், டெல்பின்தான் அதையும் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்த மலர்ச்சிக்காகத்தான் இத்தனை பாடும் என்று அவள் தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள், ஆனால் முழங்கால் வலி அதையெல்லாம் கேட்பதில்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அந்த மார்க்கெல்லாம் அவள் போட்டது. முழங்கால் வலிக்கிற வாரம் அவள் சிடுசிடுவென்று சொல்வாள், படம் மூன்று மார்க்கில் தோற்றுப்போகும். வெள்ளிக்கிழமை அவள் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடம் விடுமுறையாகி நன்றாகத் தூங்கியிருந்தாளோ, சுமாரான படம்கூட ஏழு வாங்கிவிடும். முப்பது வீட்டில் இது யாருக்கும் தெரியாது. வால்டருக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதும் இல்லை.

அந்த வாரம் அரையாண்டுப் பரீட்சை. நான்காம் வகுப்பு, நாற்பத்தாறு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து பேப்பர். சனிக்கிழமை முழுக்கத் திருத்தியும் பாதிதான் முடிந்தது. ஞாயிறு காலைப் பூசையில் எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் அவள் உட்கார்ந்தே இருந்தாள். வெளியே வந்ததும் ஃப்ளோரன்ஸ் அக்கா வந்து வால்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளோரன்ஸுக்கு அறுபத்தாறு வயசு, முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாந்தோமில் கடலைப் பார்த்த சந்தில் தனியாக இருக்கிறார்.

“வால்டர் சார், இந்த வாரம் எந்தப் படம் போறீங்க?” என்று கேட்டு, ஒரு புதுப் படத்தின் பெயரைச் சொல்லி, “அதையே பாருங்களேன். கட்டாயம் பாருங்க. சாயங்காலம் நீங்க என்ன சொல்றீங்கன்னு கேக்கணும்” என்றார். கையை விட மனசில்லாமல் இன்னொரு தரம் அழுத்திவிட்டுப் போனார். அக்காவுக்கு என்ன திடீரென்று சினிமா ஆசை என்று டெல்பின் நினைத்தாள். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது அவள் ஒரே ஆசை.

வழக்கமான ஆட்டோ கங்காதரனுடையது. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக ரோட்டையே அடைத்து வைத்திருந்ததில், சுற்றிச் சுற்றித் தியேட்டர் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. படமோ குடும்பக் கதை. ஏழை வீடு, அண்ணன் தம்பி, ஒருத்தன் பொறுப்பு, ஒருத்தன் ஊதாரி. இடைவேளை வரைக்கும் அவள் ஒழுங்காகத்தான் சொன்னாள். இடைவேளையில் அவருக்கு பாப்கார்ன் வாங்கி வந்து கையில் கொடுத்தாள். விளக்கு அணைந்தது, குளிர்க்காற்று முகத்தில் அடித்தது, திரையில் ஒரு கதவு திறக்கிற மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தலை வால்டரின் தோளில் கிடந்தது. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கவனித்திருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டாள். எப்படித்தான் அப்படி நினைத்தாளோ, தூக்கக் கலக்கத்தில் புத்தி அப்படித்தான் போகும்.

“ரெண்டாவது பாதியில நீ அதிகமா ஒண்ணும் சொல்லலியே?” என்றார் படியிறங்கும்போது.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? பேசிக்கிட்டே இருந்தாங்க, எல்லாம் உங்களுக்கே கேட்டிருக்கும். நான் சொல்ற மாதிரி ஒரு முகமும் இல்லங்க” என்றாள். பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

“அப்படியா” என்றார் வால்டர்.

ஆட்டோவில், “இன்னா சார், படம் எப்பிடி கீது?” என்று கங்காதரன் வழக்கம்போலக் கேட்டான். வால்டர் போனை எடுத்தார். “முதல் பாதி பரவால்ல. இடைவேளைக்கு அப்புறம் ஒண்ணுமில்ல. ஒரு முகமும் மனசுல நிக்கல. பத்துக்கு மூணு” என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். டெல்பின் அதைக் காதில் வாங்கியபடியே மறுபடியும் கண்ணை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. அன்பியத்துப் பொறுப்பாளர் நோயல்.

“டீச்சர், ஃப்ளோரன்ஸ் ஆன்ட்டி குரூப்லேர்ந்து வெளிய போயிட்டாங்க, பார்த்தீங்களா? நான் போய்க் கேட்டேன். சொல்லவே மாட்டேன்னாங்க, அப்புறம் சொன்னாங்க. அந்தப் படத்துல அவங்க நடிச்சிருக்காங்களாம் டீச்சர். இடைவேளைக்கு அப்புறம், ஆஸ்பத்திரி சீன்ல. பட்டினப்பாக்கத்துல ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போனவங்களக் கூப்பிட்டு நடிக்க வெச்சாங்களாம். செத்துப்போற பையனோட அம்மா. வசனம் ஒண்ணும் கிடையாது, நிக்கணும், அழணும். யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தாங்க. வால்டர் சார் கண்டுபிடிச்சு குரூப்ல சொல்லுவாருன்னு…”

டெல்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு முகமும் மனசுல நிக்கல! அந்த வார்த்தை யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? முப்பது வீட்டில், அவருடைய குரலில், ஃப்ளோரன்ஸ் அக்காவும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை செபம் யார் வீட்டில் என்று கேட்டாள், கேட்காமலே தெரியும். ஃப்ளோரன்ஸ் வீட்டில்தான்.

வால்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நான் தூங்கிட்டேன்” என்றாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தோள்ல தலை சாஞ்சா தெரியாதா? இடைவேளை முடிஞ்சு அஞ்சாவது நிமிஷம் தூங்கினே.” அவர் முகத்தைத் தடவிக்கொண்டார். “ஒரு இடத்துல டாக்டர் ஒருத்தர், ‘சாரிம்மா’ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல. மியூசிக்கும் இல்ல. தியேட்டரே மூச்சு விடல டெல்பின், யாரோ மூக்கை உறிஞ்சினாங்க. பெரிசா என்னவோ நடக்குதுன்னு தெரிஞ்சுது. உன்னை எழுப்பலாம்னு கையத் தூக்கினேன். எழுப்பல.”

“ஏன் எழுப்பல?”

“அசந்து தூங்கிக்கிட்டிருந்தே.”

அவளுக்குக் கோபம் எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. “எழுப்பியிருக்கணும்! இல்ல, படம் பார்க்கலன்னு சொல்லியிருக்கணும். தெரிஞ்சுக்கிட்டே ஏன் மூணு மார்க் போட்டீங்க? ஒரு முகமும் நிக்கலன்னு உங்க வாயால ஏன் சொன்னீங்க?”

“நீ சொன்னே. நீ சொன்னதை இல்லன்னு ஆக்கினா, நீ தூங்கினதை முப்பது வீட்டுக்கும் சொன்ன மாதிரி ஆகும். ஒரு படம்தானே, யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்.”

“எனக்கு முடியலங்க” என்றாள் டெல்பின். சொன்ன பிறகுதான் இது எட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது என்று தெரிந்தது. “எத்தனை படம் இருக்கும்? முந்நூறு? ஒண்ணுகூட நான் பார்க்கல. அடுத்து என்ன சொல்றது, எப்போ சொல்றதுன்னே ஓடிக்கிட்டிருக்கேன். எது நல்ல படம், எது மோசமான படம்னுகூட எனக்குத் தெரியாது. ஒருத்தி அழறான்னா, ‘அழறா’ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடறேன். கூட அழுறதுக்கு எனக்கு நேரம் கெடையாது. வாரம் பூரா நாப்பத்தாறு பிள்ளைங்களுக்குச் சொல்லு, ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சொல்லு. வாய் வலிக்குது. எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குங்க, அது எனக்குன்னு எப்பவாவது வேணும்.”

அவள் சமையலறைக்குப் போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள். வெளியே அவர் நோயலுக்கு போன் போட்டு, அந்தப் படம் இன்னும் எங்கேயாவது ஓடுகிறதா என்று கேட்பது காதில் விழுந்தது. ஓடவில்லை. திங்கட்கிழமையே தூக்கிவிட்டார்களாம்.

வியாழக்கிழமை செபம் ஏழு மணிக்கு. ஐந்தரைக்கே இரண்டு பேரும் ஃப்ளோரன்ஸ் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வழியெல்லாம் டெல்பின், படி வருது, பள்ளம் வருது என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஃப்ளோரன்ஸ் கதவைத் திறந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் வாங்க என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வைக்கிறேன் என்று திரும்பினார்.

“டீ வேணாம் அக்கா. நான் சொல்றதக் கேளுங்க” என்றாள் டெல்பின். “இவருக்குப் படம் தெரியாது. நான் சொல்றதுதான் இவருக்குப் படம். அன்னைக்கு இடைவேளைக்கு அப்புறம் நான் தூங்கிட்டேன். உங்களை நான் பார்க்கல. பார்க்காமலே ஒரு முகமும் இல்லன்னு நான்தான் சொன்னேன். இவர் அதைச் சொல்லிட்டார். இவர் மேல தப்பில்ல.”

“தூங்கினதைத் தெரிஞ்சுக்கிட்டே சொன்னேன்” என்றார் வால்டர். “அது என் தப்பு.”

ஃப்ளோரன்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தூங்கிட்டியா?” என்றார். பிறகு என்ன தோன்றியதோ, “ஐயோ டெல்பின், நான் என்னென்னவோ நெனச்சேன்டி. நான் நடிச்சது அவ்வளவு மோசமா இருந்துச்சா, பார்த்தும் பார்க்காத மாதிரி சொல்லிட்டீங்களான்னு நாலு ராத்திரி தூங்கல” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்குன்னு யார் போய்ப் படம் பார்க்கப்போறா? நீங்க ரெண்டு பேருதான வாராவாரம் போறவங்க.”

ஃப்ளோரன்ஸ் எதிரே வந்து உட்கார்ந்தார். கடல் பக்கத்து ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டது.

“அக்கா” என்றார் வால்டர், “அந்தப் படம் இப்ப எங்கயும் ஓடல. இங்க ஒரு தடவை நில்லுங்களேன். அங்க எப்படி நின்னீங்களோ அப்படி.”

“சீ, சும்மா இருங்க சார், இந்த வயசுல என்ன விளையாட்டு” என்றார் ஃப்ளோரன்ஸ். ஆனால் எழுந்துவிட்டார். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போய், சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றார். “டைரக்டர் அழச் சொன்னாரு. எனக்கு அழ வரலம்மா. நான் முப்பத்தோரு வருஷம் எத்தனை பேர்கிட்ட போய், சாரிம்மான்னு சொல்லியிருக்கேன். யாரும் ஒடனே அழமாட்டாங்க. அவங்க நின்ன மாதிரி நின்னேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. நீங்க டாக்டர் வசனத்தைச் சொல்லுங்க சார்.”

“சாரிம்மா” என்றார் வால்டர்.

ஃப்ளோரன்ஸ் தலையாட்டினார், யாரோ வழி சொன்னதற்குத் தலையாட்டுவது போல. கையில் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பையைப் பிடித்திருந்தார். அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மாற்றியதை மறுபடியும் மாற்றினார். டாக்டர் போன திசையைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார், என்ன கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். புடவையில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டார். பையைத் திறந்து உள்ளே பார்த்தார். அந்தப் பையில் பையனுக்குக் கொண்டுவந்த சாப்பாடு இருந்திருக்க வேண்டும். மறுபடியும் மூடி, அது சாய்ந்துவிடாதபடி பக்குவமாக மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

வால்டர் பழக்கத்தில் காதை டெல்பின் பக்கம் சாய்த்திருந்தார். “சொல்லு” என்றார் மெல்ல.

டெல்பின் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து, சும்மா இருங்கள் என்பது போல ஒரு தரம் அழுத்தினாள். “நான் பார்க்கணும்” என்றாள்.

அவர் காதை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று டெல்பினுக்குத் தெரியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, நோயல் செபப் புத்தகங்களோடு வந்துகொண்டிருந்தார். ஃப்ளோரன்ஸ் கையைத் தொங்கவிட்டு, “அவ்வளவுதான்” என்று வெட்கத்தோடு சிரித்தார். உள்ளே டீ வைக்கப் போனார். டெல்பின் அவர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வால்டர் சட்டைப் பையைத் தடவி போனை எடுத்தார். “நோயல், ஃப்ளோரன்ஸ் அக்காவைத் திரும்ப குரூப்ல சேர்த்துடுங்க, அவங்க கேக்கணும்” என்று சொல்லிவிட்டு வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வால்டரோட வணக்கம். ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு, மூணு மார்க்கைத் திரும்ப வாங்கிக்கிறேன். அந்தப் படத்துல நம்ம ஃப்ளோரன்ஸ் அக்கா ஒண்ணரை நிமிஷம் நிக்கிறாங்க. இப்ப அவங்க வீட்டுல எங்களுக்காக நின்னாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல, உங்களுக்கே தெரியும். நான் இத்தனை வருஷமா உங்களுக்குச் சொன்னதெல்லாம் டெல்பின் பார்த்து எனக்குச் சொன்னது. மார்க்கும் அவ போட்டதுதான், எனக்கு அது ரொம்ப நாளாத் தெரியும். இந்த ஞாயிறு படம் கெடையாது, அவ தூங்கட்டும். இன்னைக்கு எத்தனை மார்க்னு என்னைக் கேக்காதீங்க. அவளைத்தான் கேக்கணும். ஆனா இப்ப கேக்காதீங்க, அவ அழுதுக்கிட்டிருக்கா.”